வூட்ல சொல்லிட்டு வந்தானா?

"யாரும்மா அது, சம்மனசா?"

மெட்ரோவில் பக்கத்து சீட் ஆயா என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக் கேட்டார். கறுப்புச் சிறகோடு ஒரு தேவதூதன் மொட்டைமாடி விளிம்பில் நிற்கிற படம்.

"ஆமா ஆயா. ஒரு பொண்ண லவ் பண்ணி கீழ வந்துட்டாரு."

"வூட்ல சொல்லிட்டு வந்தானா?"

வண்ணாரப்பேட்டை வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

இந்த நாவல் வரிசையின் இரண்டாம் பாகத்தின் பிரச்சினையே அதுதான். முதல் பாகத்தில் சந்து சந்தாகப் பேய் விரட்டியவன், இதில் மேலே என்ன பதில் சொல்வதென்று பாதிப் புத்தகம் உருகுகிறான். காதல் காட்சிகள் மட்டும் நன்றாக வந்திருக்கின்றன (ரொம்பவே).

கதையின் வேர் பழசு. பைபிளில் ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை மணப்பது நாலு வசனத்தில் முடிந்துவிடும். ஏனோக்கு என்கிற பழைய யூத நூலில்தான் விரிவு. தேவதூதர்கள் 200 பேர் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். அவர்களில் அசாசேல் என்பவன் வாள் செய்யவும் கற்றுக்கொடுக்கிறான், கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். இரண்டும் பாவக்கணக்கில்தான்.

வாளோடு மையைச் சேர்த்து எழுதியவர் யாரோ, அவரிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

சரி, மூன்றாம் பாகம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். காசிமேடு என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.