கோயில் வாக்கி டாக்கிக்கு ஒரு ரிப்பீட்டர்: ஹாம் செட்டை ஏன் எடுக்கவில்லை

டெக்ஸாஸில் ஆஸ்டினுக்கு மேற்கே போனால் நிலம் முழுக்க மேடும் பள்ளமும்தான். எங்கள் கோயில் மேட்டில் இருக்கிறது. திருவிழா நாட்களில் திறக்கும் கூடுதல் பார்க்கிங் பின்புறச் சரிவுக்குக் கீழே. தொண்டர்கள் வைத்திருப்பது 4 வாட் வாக்கி டாக்கி. நடுவில் பாறை நிற்பதால் கீழே இருப்பவர் பேசுவது மேலே அன்னதானக் கூடத்தில் கேட்பதில்லை. அதனால் நடுவில் கேட்டு மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று போடுவது என்று கமிட்டியில் முடிவாகி, வேலை என்னிடம் வந்தது.

நான் ஹாம், அதாவது தேர்வெழுதி லைசென்ஸ் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரன். அதனால் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நீங்கதான் ஹாம் லைசென்ஸ் வெச்சிருக்கீங்களே. வீட்டுல ரெண்டு செட் சும்மா கிடக்கு. அதையே நம்ம சேனல்ல போட்டு விட்டா என்ன?"

கேள்வி நியாயமானது. ஒரு செட்டில் கேட்டு இன்னொன்றில் அனுப்பினால் அதுதான் ரிப்பீட்டர். ஹாம் செட்கள் ஹாம் அலைவரிசைகளுக்குள் மட்டும் அனுப்பும்படி பூட்டித்தான் வருகின்றன. ஆனால் பல மாடல்களில் உள்ளே ஒரு சின்ன டயோடையோ ரெசிஸ்டரையோ எடுத்துவிட்டால் வெளியேயும் அனுப்பும். எங்கள் கோயில் சேனல் இருக்கும் 450-470 மெகாஹெர்ட்ஸிலும் தாராளமாக வேலை செய்யும். ஆனால் சட்டப்படி அதைச் செய்யக் கூடாது. இங்கே பலரும் குழம்புவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாம் விதிகள், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளில் பார்ட் 97-இல் வருகின்றன. அங்கே தேர்வு ஆளுக்கு. தேர்வில் தேறிவிட்டால் நானே சால்டர் வைத்துச் செய்த டிரான்ஸ்மிட்டரைக்கூட காற்றில் விடலாம், பெட்டிக்குச் சான்றிதழ் தேவையில்லை. கோயில், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் வரும் பார்ட் 90-இல் கதை நேர்மாறு. பார்க்கிங்கில் நிற்கும் தொண்டருக்கு எந்தத் தேர்வும் கிடையாது, பட்டனை அழுத்தத் தெரிந்தால் போதும். அதனால் தேர்வு பெட்டிக்கு. அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது, பக்கத்துச் சேனலில் எவ்வளவு சிந்துகிறது என்றெல்லாம் சோதித்துச் சான்று பெற்ற செட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். முன்பக்கக் குமிழைத் திருப்பி நினைத்த அதிர்வெண்ணுக்குப் போய் அனுப்ப முடிகிற செட்டுக்குப் பொதுவாக அந்தச் சான்றே கிடைக்காது. ஹாம் செட்டில் நாம் விரும்பி வாங்கும் வசதியே அதுதானே! என் கையில் எந்த உயர் வகுப்பு ஹாம் லைசென்ஸ் இருந்தாலும் இது மாறாது.

எதிர்த்திசையில் தடை இல்லை. பார்ட் 90 சான்று பெற்ற செட்டை ஒரு ஹாம் தன் அலைவரிசையில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஹாம் அலைவரிசையிலேயே பேசிவிடலாமே என்றும் ஒருவர் கேட்டார். அப்படியென்றால் தொண்டர் ஒவ்வொருவரும் தேர்வு எழுத வேண்டும். மேலும் வேறு ரேடியோ சேவையில் செய்யக்கூடிய வேலையை வழக்கமாக ஹாமில் செய்வதை 97.113 தடுக்கிறது. ஜிஎம்ஆர்எஸ் என்ற இன்னொரு ரேடியோ சேவையின் லைசென்ஸும் தனி ஆளுக்குத்தான் கிடைக்கும், அமைப்புக்குப் புதிதாகத் தருவதில்லை.

எனவே முதல் வேலை காகித வேலை. கோயிலிடம் ஏற்கெனவே பார்ட் 90 லைசென்ஸ் உண்டு. சமய நிறுவனங்களுக்கு அந்தத் தகுதி விதியிலேயே இருக்கிறது. ஆனால் எங்களுடையதில் கைக்கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச மட்டுமே அனுமதி இருந்தது. ரிப்பீட்டருக்கு எஃப்பி2 என்ற நிலைய வகையைச் சேர்த்து லைசென்ஸைத் திருத்த வேண்டும். ஃப்ரீக்வென்சி கோஆர்டினேட்டர் அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒரு ஜோடி அதிர்வெண்களைப் பரிந்துரைத்தார். ரிப்பீட்டர் கேட்பது, அனுப்புவதைவிட 5 மெகாஹெர்ட்ஸ் மேலே. ஆண்டெனாவின் இடம், உயரம், வாட் எல்லாம் லைசென்ஸில் பதிவாகிவிடும்.

அது நடந்துகொண்டிருக்கும்போதே பழைய மோட்டோரோலா சிடிஎம்1250 மொபைல் செட் இரண்டு வாங்கினேன். வாங்குமுன் பின்பக்க லேபிளில் உள்ள எஃப்சிசி ஐடியை அவர்கள் தளத்தில் தேடி, பார்ட் 90 சான்று இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். யார் பழைய செட் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள். 2013 ஜனவரி 1 முதல் இந்த அலைவரிசைகளில் 12.5 கிலோஹெர்ட்ஸ் நாரோபேண்ட் (குறுகிய சேனல்) கட்டாயம். மலிவாகக் கிடைக்கும் பழைய செட்களில் பல 25 மட்டுமே செய்யும், அவை உதவாது.

நான் எடுத்தது ஹாம் அலைவரிசையும் அடங்கிய 403-470 மெகாஹெர்ட்ஸ் வகை. அதனால் லைசென்ஸ் வரும் வரை என் கால்சைனிலேயே (லைசென்ஸோடு வரும் அடையாளக் குறி) ஹாம் அலைவரிசையில், ஆண்டெனாவுக்குப் பதில் சிக்னலை விழுங்கிவிடும் டம்மி லோடில் சோதித்துப் பார்க்க முடிந்தது. கேட்கும் செட்டின் பின்பக்க கனெக்டரிலிருந்து ஒலியையும், சிக்னல் வந்திருப்பதைச் சொல்லும் இணைப்பையும் ஒரு சிறு கன்ட்ரோலருக்குக் கொடுத்து, அங்கிருந்து அனுப்பும் செட்டின் பிடிடிக்கு (பேசும் பட்டனின் இணைப்பு) கொண்டுபோனேன். யாராவது பட்டனை அழுத்தியபடியே விட்டுவிட்டால் நிறுத்தும் டைமரும், மோர்ஸில் கால்சைன் சொல்லும் வசதியும் அதிலேயே உண்டு. ஹாமில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். பார்ட் 90-க்கு மாறியதும் 15 என்று வைத்தேன்.

உண்மையான சவால், ஒரே ஆண்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்துவைக்கும் வடிகட்டியான டூப்ளெக்சர். 10 வாட் அனுப்பிக்கொண்டிருக்கும் அதே ஆண்டெனாவில் கால் மைக்ரோவோல்ட் சிக்னலைக் கேட்க வேண்டும். நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக்கருவியில் பார்த்து, டூப்ளெக்சர் சிக்னலைத் தடுக்கும் பள்ளங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் ஓர் ஆழத்துக்குக் கீழே அதன் இரைச்சலே மறைத்துவிடுகிறது. கடைசித் திருகலை ரிசீவரை வைத்தே செய்தேன்: சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மெலிந்த சிக்னல் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும்போது இரைச்சல் ஏறுகிறதா என்று கேட்டபடியே மெல்ல மெல்லத் திருகுவது. அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஒயருக்கு வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் ஆர்ஜி-214. அலுமினியத் தாளும் பின்னலும் உரசும் எல்எம்ஆர்-400 வகை, ஒரே ஒயரில் அனுப்பியும் கேட்டும் நடக்கும்போது கரகரப்பை உண்டாக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

லைசென்ஸ் வந்ததும் டூப்ளெக்சரைக் கோயில் ஜோடிக்கு மாற்றிக் கூரையில் ஏற்றினோம். இப்போது கீழ்ப் பார்க்கிங்கின் கடைசி மூலையிலிருந்து பேசினாலும் அன்னதானக் கூடத்தில் தெளிவாகக் கேட்கிறது. செட்டில் 40 வாட் என்று போட்டிருந்தாலும் அது விட்டுவிட்டுப் பேசுவதற்கான கணக்கு. அதனால் 10 வாட்டிலேயே ஓட்டுகிறேன், பின்னால் ஃபேனும் உண்டு.

அடுத்தது மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி. அப்புறம், ஆகஸ்ட் வெயிலில் கூரைப் பெட்டிக்குள் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கப் போகிறேன்.