வெட்டிய பிறகும் கேட்ட சொல்

நம் பள்ளி ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியோ மாறுவேடப் போட்டியோ, ஒரு பையனாவது ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தோடு வந்து நிற்பான். மூச்சு வாங்காமல் ஒப்பிப்பான், கைதட்டலும் விழும். அந்தப் படம் 1952 அக்டோபர் 17, தீபாவளி அன்று வெளியானபோது, கோயிலையும் பூசாரியையும் பற்றிய வசனங்களுக்காக அதைத் தடை செய்யச் சொல்லிப் பெரிய கூச்சல் எழுந்தது. அதை மேடையில் யாரும் சொன்னதில்லை. தடைபடப் பார்த்த வசனத்தைத்தான் தமிழாசிரியர்கள் உச்சரிப்புப் பயிற்சிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்த் தியேட்டரில் ‘கட்’ என்றால் எல்லோரும் சென்சாரைத் திட்டுவோம். உண்மையில் கத்தரி பல கைகளில் இருந்தது. அது எப்படி வேலை செய்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

35 எம்.எம். பிலிமில் வினாடிக்கு 24 பிரேம், அடிக்கு 16 பிரேம். ஏழு வினாடி வசனம் போக வேண்டுமென்றால் பத்தரை அடி போக வேண்டும். படப்பெட்டி ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்விட்டதென்றால், ஒவ்வொரு பிரிண்டிலும் தனித்தனியாக வெட்டியாக வேண்டும். கம்பெனி ரெப் (விநியோகஸ்தரின் ஆள்) ரீல் எண்ணும் அடிக்கணக்கும் எழுதிய தாளோடு வந்து ஆப்பரேட்டர் ரூமில் உட்காருவார். வெட்டிய இடத்தில் பிளேடால் மருந்துப் பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி, ஸ்பிளைசரில் அழுத்தி ஒட்டுவார்கள். சுரண்டல் சரியாக இல்லாவிட்டால் ஓடும்போது ஒட்டு விட்டுவிடும். திரை வெள்ளையாகும், விசில் பறக்கும்.

அதைவிட வேடிக்கை ஒலியில். புரொஜெக்டரில் படத்தின் மீது ஒளி விழும் ‘கேட்’ மேலே இருக்கிறது, ஒலியைப் படிக்கும் பகுதி அதற்குக் கீழே. கேட்டில் பிலிம் ஒவ்வொரு பிரேமாக நின்று நின்று நகர வேண்டும். ஒலிப் பகுதியிலோ சீராக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. அதனால் ஒரு காட்சிக்குரிய ஒலி, அந்தப் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னதாகவே பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும். இப்போது படத்தைப் பார்த்துச் சரியாக வெட்டினால் என்ன ஆகும்? தடை செய்த வசனத்தின் முதல் முக்கால் வினாடி, முந்தைய காட்சியின் ஓரத்திலேயே தங்கிவிடும். அமைச்சரைத் திட்டும் முகம் போய்விடும். திட்டின் முதல் சொல் மட்டும் அடுத்த காட்சியில் வரும் மாட்டு வண்டிமேல் கேட்கும். ஒலிக்காக 20 பிரேம் தள்ளி வெட்டினாலோ, வசனம் போகும், முகத்தின் கடைசி அசைவு நிற்கும். ‘இங்கே ஏதோ இருந்திருக்கிறது’ என்று அரங்கம் முழுக்கத் தெரிந்துபோகும். வெட்டாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கமாட்டார்கள்.

படம் தொடங்குமுன் காட்டும் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. அதன் இடது கீழ் மூலையில் முக்கோணம் இருந்தால் சென்சார் வெட்டு உண்டு என்று பொருள். ஆனால் அரசியல் சண்டை பெரும்பாலும் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் தருவது மத்திய அரசின் வாரியம். தியேட்டருக்கு உரிமம் தருவதும், சட்டம் ஒழுங்கைச் சொல்லிக் காட்சியை நிறுத்துவதும் மாநில அரசு, அதாவது கலெக்டர். முதல் கதவைத் தாண்டிய படம் இரண்டாவது கதவில் சிக்கும்.

இதற்கு உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது ஒரு தமிழ்ப் படத்தை வைத்துத்தான். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ சாதிச் சான்றிதழ், இடஒதுக்கீடு பற்றிய கதை. அதன் அரசியல் பலருக்கு உவப்பானதல்ல. 1987 டிசம்பரில் கிடைத்த ‘யு’ சான்றிதழை சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து சொன்னது இதுதான்: ஆபத்து என்பது எட்டாத தூரத்து ஊகமாக இருக்கக்கூடாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல நேரடியானதாக இருக்க வேண்டும். கலவரம் வரும் என்று சொல்லி அரசு கையை விரிக்க முடியாது, பாதுகாப்பது அதன் கடமை. இன்றும் எந்தப் படத்துக்காக யார் நீதிமன்றம் போனாலும் முதலில் எடுத்து வைப்பது, அந்தப் படத்தின் தயாரிப்பாளர் பெயரால் வழங்கும் இந்த ரங்கராஜன் வழக்கைத்தான்.

தீர்ப்பு இருந்தும் 2013இல் நடந்தது என்ன? ‘விஸ்வரூபம்’ சான்றிதழ் வாங்கிய படம். முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்ததும் மாவட்டந்தோறும் 144 தடை வந்தது. ஜனவரி 25 அன்று வெளி மாநிலங்களில் ஓடத் தொடங்கியது; தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தார்கள். தனி நீதிபதி தடையை நீக்கினார், மறுநாளே அமர்வு அதை நிறுத்தியது. கடைசியில் சில காட்சிகளில் ஒலியை நீக்கப் பேசி முடித்து, பிப்ரவரி 7 அன்றுதான் திரைக்கு வந்தது. வழக்கு முழுதாக நடந்து முடியும்வரை எந்தத் தயாரிப்பாளராலும் காத்திருக்க முடியாது. வட்டி ஓடும், திருட்டு டிவிடி வரும், வசூலோ முதல் மூன்று நாளில்தான். சட்டம் படத்தின் பக்கம், வெள்ளிக்கிழமை எதிர்ப்பாளர் பக்கம்.

இப்போது பிளேடு இல்லை. தியேட்டர் சர்வரில் டிஜிட்டல் கோப்பு இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அந்தச் சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள்வரை மட்டும் செல்லும். திருத்திய பதிப்பை அனுப்பிவிட்டு அதற்குப் புதுச் சாவி கொடுத்தால் போதும். 2018 நவம்பர் 6 அன்று வந்த ‘சர்கார்’ படத்தில் இலவச மிக்சி, கிரைண்டரைத் தீயில் எறியும் காட்சியும், ஜெயலலிதாவைக் குறிப்பதாக அதிமுகவினர் எதிர்த்த ‘கோமளவல்லி’ என்ற பெயரும் அதே வாரத்தில் போய்விட்டன. ஆனால் திருத்தத்துக்கும் மறுபடி வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், தயாரிப்பாளர் தானாக வெட்டினாலும்கூட. அவசரத்தில் செய்கிற இன்னொரு பிழை, வசனத் தடத்தை மட்டும் மௌனமாக்காமல் கலந்து முடித்த ஒலியையே அணைப்பது. பின்னணி இசையும் சேர்ந்து போய்விட, தியேட்டரே ஒரு நொடி செவிடாகும்.

நமக்கு நேராகப் பட்டது ‘மெர்சல்’தான். 2017 தீபாவளிக்கு வந்தது. 7 சதவீத ஜிஎஸ்டி வாங்கும் சிங்கப்பூரில் மருத்துவம் இலவசம், 28 சதவீதம் வாங்கும் இந்தியாவில் இல்லை என்ற வசனத்தை நீக்கச் சொல்லி பாஜகவினர் கிளம்பினார்கள். தடை கோரிய மனுவை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தமிழில் வசனம் நின்றது. தெலுங்குப் பதிப்பில் ஜிஎஸ்டி மௌனமானது. சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் வேறொரு வருத்தம்: மாதாமாதம் சம்பளத்திலிருந்து மெடிசேவுக்கு (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பிடித்தம் போவதைப் பார்க்கிறவர்கள், இலவசம் என்றதும் சிரித்துவிட்டார்கள். அதைத் தப்பென்று காட்டி வாதாடியிருக்கலாம். தடை கேட்டவர்கள் வசனத்துக்குக் கோடிக்கணக்கில் இலவச விளம்பரம் கொடுத்ததுதான் மிச்சம். அந்த 7 சதவீதமும் சிங்கப்பூரில் 2024 முதல் 9 ஆகிவிட்டது.