நாற்பது வளைவுகளுக்கு ஒரு ஸ்விஃப்ட்: ஷாக் அப்சார்பரும் டர்போவும் தேர்ந்தெடுத்த அனுபவம்

என்னிடம் இருப்பது 2013 மாடல் ஸ்விஃப்ட் விடிஐ. 1248 சிசி டீசல் எஞ்சின், 75 பிஎஸ் திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. குடியிருப்பது திருப்பூர். மனைவியின் பிறந்த வீடு வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். மாதம் ஒரு முறையாவது பல்லடம், நெகமம், பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போய், அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்க வேண்டும். நான், மனைவி, அம்மா, ஏழு வயதுப் பையன், பின்னால் இரண்டு பெரிய பை, பெரும்பாலும் ஒரு மூட்டை தேங்காய். இந்தச் சுமையோடுதான் வண்டி எப்போதும் மலையேறும்.

இரண்டு வருடமாக இரண்டு குறைகள். முதலாவது, வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி ஒரு முறை ஆடித்தான் அடங்கும். பையன் ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயின்ட்டைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். அம்மா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "சாமி, மெதுவாப் போ கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் மெதுவாகத்தான் போவேன். இரண்டாவது, வளைவை முடித்து நிமிரும்போது எஞ்சினில் உயிரே இருக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சித்த நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று உந்தித் தள்ளும். பின்னால் அரசுப் பேருந்து ஒட்டிக்கொண்டு வரும்போது அந்த இடைவெளி மிகவும் பயமாக இருக்கும்.

எனக்குத் தோன்றிய தீர்வு நேரானது: வண்டியைத் தாழ்த்தி ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் போடுவது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பெரிதாக்குவது. ஈரோட்டில் இருக்கும் நண்பன் தன் ஸ்விஃப்ட்டை நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்திருக்கிறான். "மாப்ள, ஒரு தடவை ஓட்டிப் பாரு, அப்புறம் உன் வண்டியத் தொடவே மாட்டே" என்றான். பெருந்துறை பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தில் போவது போல இருந்தது, மறுக்கவே முடியாது. ஆனால் ஊருக்குள் திரும்பியதும் முதல் வேகத்தடையிலேயே அடிப்பாகம் உரசியது. அப்போது வண்டியில் இருந்தது நாங்கள் இருவர் மட்டும்.

ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி சுமையில்லாமல் 170 மில்லிமீட்டர். அதில் நாற்பது போனால் மீதி 130. நான்கு பேரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் இன்னும் இறங்கும். ஸ்பிரிங் குட்டையானால் சாக் (ஷாக் அப்சார்பர்) அமுங்குவதற்கு இருக்கும் தூரமும் குறைகிறது. பள்ளத்தில் விழுந்தால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும், வளைவின் நடுவில் அப்படி முட்டினால் பின்சக்கரம் துள்ளிவிடும். பையன் உட்காருவது பின்சீட்டில். அந்த யோசனையை அன்றே கைவிட்டேன்.

டர்போவுக்காக முதலில் போன கடையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பானெட்டைக்கூடத் திறக்காமல், பெரிய டர்போ, ஈசியு ரீமேப் (எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளை மாற்றுவது) இரண்டும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. 1,12,000 ஓடிய வண்டி அது.

அதன்பிறகு கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தய வண்டிகளுக்கு வேலை பார்த்த கை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தடம் அது. அந்தத் தடத்தில் பழகிய ஒருவர் பெரிய டர்போவைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, எந்த ஆர்பிஎம்ல உங்களுக்கு இழுவை வேணுங்க?"

ஆர்பிஎம் என்பது எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை. எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த தடவை மலைக்குப் போறப்ப மீட்டரப் பார்த்து எழுதிட்டு வாங்க, அப்பறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த பயணத்தில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது கியர், வளைவை விட்டு வெளியேறும்போது 1400 முதல் 1700 வரை. நாற்பது வளைவுகளில் பெரும்பாலானவற்றில் இதேதான். 3000-ஐ ஒரு முறைகூடத் தொடவில்லை.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர் விளக்கியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். டர்போவைச் சுற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்காற்று. குறைந்த ஆர்பிஎம்மில் அந்தக் காற்றே கொஞ்சம்தான். டர்போவுக்குள் அந்தக் காற்றில் சுழலும் சக்கரமான டர்பைன் பெரிதானால் அதைச் சுழற்ற இன்னும் அதிகக் காற்று வேண்டும். ஆக, பெரிய டர்போ போட்டால் 3000-க்கு மேல் பறக்கும், ஆனால் எனக்குத் தேவையான 1500-இல் இப்போது இருப்பதைவிட மோசமாகும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் ஒரு லட்சம் கொடுக்கப் போயிருந்தேன்.

முதலில் சஸ்பென்ஷனை எடுத்துக்கொண்டோம். முன்பக்க மூலையை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். நல்ல சாக் என்றால் ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். என் வண்டி மூன்று முறை ஆடியது. இடது முன் சாக்கில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது, வண்டி எவ்வளவு சாயும் என்பதும் பெரும்பாலும் அதன் கையில். அந்த ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் அடக்குவது என்பது சாக்கின் வேலை. பையனுக்கு வயிற்றைப் புரட்டியது சாய்வைவிட அடங்காத ஆட்டம்தான் என்பது அப்போது புரிந்தது.

மூன்று வழிகள் சொன்னார். கம்பெனி சாக்கையே புதிதாகப் போடுவது. கம்பெனி உயரம் மாறாமல், கொஞ்சம் இறுக்கமான, கேஸ் அடைத்த சாக் போடுவது. உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே திருகி வைக்கும் காயில்ஓவர் போடுவது. காயில்ஓவரில் எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அதன் திருகு மரையில் மண்ணும் மழைநீரும் சேரும், அவ்வப்போது கழுவிப் பராமரிக்க வேண்டும். மலைச் சாலையில் மழைக்காலம் முழுக்க ஓடும் குடும்ப வண்டிக்கு அது சரிப்படாது என்றார். அப்போது அவர் காட்டிய உதாரணம் மனதில் நின்றது. 2018-இல் நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபி கொண்டுவந்தார்கள். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 பிஎஸ். வேகத்துக்கென்றே செய்த அந்த வண்டியையே வெறும் 4 மில்லிமீட்டர்தான் தாழ்த்தினார்கள். நம் சாலைகளைத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

கம்பெனி உயரத்திலேயே கேஸ் சாக் நான்கும் போட்டேன். கூடவே சஸ்பென்ஷனை வண்டியோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் உறை), லிங்க் ராட். இவற்றை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். புஷ் தேய்ந்திருந்தால் புது சாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்டீயரிங்கில் அந்த நேர்த்தி வராது. கூலியோடு சேர்த்து இருபதாயிரத்தை ஒட்டி வந்தது.

டயர் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன கண்டுபிடிப்பு. விடிஐக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். அதே ஸ்விஃப்ட்டின் உயர் மாடலான இசட்டிஐக்கு 185/65 ஆர்15. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: முதலாவதின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. ஸ்பீடோமீட்டர் மாறாது, சக்கர வளைவில் உரசாது, அகலம் மட்டும் இருபது மில்லிமீட்டர் கூடும். யாரோ பெரிய வீல் போட்டுவிட்டுக் கழற்றி விற்ற இசட்டிஐ அலாய் வீல்கள் நான்கும் கிடைத்தன. ஓரம் வளைந்திருக்கிறதா என்று பேலன்சிங் மெஷினில் ஏற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். புது டயர், அலைன்மென்ட். திருப்பூரின் குழிச் சாலைகளில் முன்பைவிடக் கொஞ்சம் திம் திம் என்று தெரிகிறது. அதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னார். காலப்போக்கில் அது ஈரத்தை உறிஞ்சும், இறக்கத்தில் சூடானால் பெடல் தளரும்.

அடுத்து டர்போ. கழற்றுவதற்கு முன் ஸ்கேனரை மாட்டி, பல்லடம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஈசியு கேட்கும் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஒரு கோடு, உண்மையில் கிடைக்கும் பூஸ்ட் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினார். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். வண்டி நிற்கும்போது அது மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால் திறக்கும். எவ்வளவோ நாளாக உஸ் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது டர்போவின் இயல்பான சத்தம் என்று நான் நினைத்திருந்தேன். ஏற்றத்தில் வந்த கரும்புகைக்கும் அதுதான் காரணம். உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ப டீசல் ஊற்றுகிறது எஞ்சின். அளந்த காற்று வழியிலேயே வெளியேறினால் டீசல் முழுதாக எரியாது.

டர்போவின் நடுத்தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். தேய்மானம் இல்லை. ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஏர் ஃபில்டர் புதிது. புகைக்காற்றில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அடைத்திருந்தது, அதைக் கழுவினார். மொத்தம் ஐயாயிரத்துக்குள். திரும்பி வரும்போது இரண்டாவது கியரில் மிதித்ததும் வண்டி பதில் சொன்னது. மனைவி, "என்னங்க, வேற வண்டி மாதிரி இருக்கு" என்றாள்.

அப்படியும் விஜிடி என்ற வேறு வகை டர்போ மேல் ஆசை எனக்குள் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். இதே 1248 சிசி எஞ்சின் எஸ்எக்ஸ்4, எர்டிகா போன்ற வண்டிகளின் பழைய டீசல் மாடல்களில் 90 பிஎஸ் கொடுத்தது. அதில் இருப்பது விஜிடி டர்போ. டர்பைனைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள் இருக்கும். தோட்டத்தில் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை விரலால் பாதி மூடினால் பீய்ச்சி அடிக்குமே, அதுபோல, காற்று குறைவாக இருக்கும்போது இதழ்கள் குறுகி அதன் வேகத்தைக் கூட்டும். அதனால்தான் எஸ்எக்ஸ்4 தன் 200 நியூட்டன் மீட்டரை 1750-லேயே கொடுக்கிறது, என் ஸ்விஃப்ட்டுக்கு 2000 வேண்டும். என் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பாகம் அதுதான்.

உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். ஒன்று கிடைத்தது. அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இதழ்களை இயக்கும் கம்பியைக் கையால் தள்ளிப் பார்த்தார், பாதியில் நின்றது. உள்ளே கரி இறுகியிருந்தது. "இதைப் போட்டா உங்க பழைய டர்போவ விட மோசமா இருக்குமுங்க" என்றார். நல்லது ஒன்று கிடைத்தாலும் வேலை அதோடு முடியாது. இதழ்களை அசைக்க உதவும் வேக்யூம் சோலனாய்டு, குழாய்கள், அந்த இதழ்களை ஆளத் தெரிந்த ஈசியு மென்பொருள் எல்லாம் வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிளட்ச் கூடுதல் டார்க்கைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

டர்போவை மாற்றாமல் ரீமேப் மட்டும் செய்தால்? அதையும் கேட்டேன். 2000-க்கு மேல் கூடும், நிச்சயம். ஆனால் 1500-இல் காற்றே இல்லாதபோது மென்பொருளால் டீசலைத்தான் கூட்ட முடியும். புகையும் சூடும் ஏறுமே தவிர இழுவை வராது.

சட்டத்தையும் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு: ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் எஞ்சினில் கை வைத்து, மலையில் ஏதாவது ஆகிவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும். அம்மாவையும் பையனையும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அந்தச் சந்தேகத்தோடு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. விஜிடியை உக்கடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், அது நியாயம்தான்.

இதெல்லாம் முடிந்து நான்கு முறை வால்பாறை போய் வந்துவிட்டோம். பையன் முதல் பயணத்தில் அட்டகட்டி வரை வாந்தி எடுக்காமல் வந்தான், அடுத்த மூன்றில் மேலே வரை. வளைவில் வண்டி இப்போதும் சாய்கிறது, ஆனால் ஒரே முறை சாய்ந்து ஒரே முறை நிமிர்கிறது. சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் புதுத்தோட்டம் பக்கம் திடீரென்று பிரேக் அடிக்க வேண்டியிருந்தபோது மூக்கு குத்தாமல் நேராக நின்றது. மேலே ஏறி முடித்ததும் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைக்கிறேன். டர்போ சூடாக இருக்கும்போது சட்டென்று அணைத்தால் அதன் தண்டில் நிற்கும் ஆயில் கரியாகிவிடும்.

1500-க்குக் கீழே இன்னும் கொஞ்சம் தூக்கம் இருக்கத்தான் செய்கிறது. சாலை சற்று நேராக ஓடும் இடங்களில் மூன்றாவது கியரில் போவேன். அடுத்த வளைவு கண்ணில் பட்டதும், உள்ளே நுழைவதற்கு முன்பே இரண்டுக்கு இறக்கிவிடுகிறேன். வெளியே வரும்போது முள் 1800-இல் நிற்கிறது.