பெர்லின் வான்பாலம் மாடல்: கைக்குட்டை பாராசூட் வரை வந்தாச்சு

காகித மாடல் செய்ய ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. இதுவரை செய்ததெல்லாம் தனித்தனி விமானங்கள். இந்த முறை ஒரு காட்சியையே செய்துவிடலாம் என்று 1948 பெர்லினை எடுத்துக்கொண்டேன். தரைவழியெல்லாம் அடைபட்ட மேற்கு பெர்லினுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்திலேயே சாப்பாடும் நிலக்கரியும் கொண்டுபோனதைத்தான் வான்பாலம் என்கிறார்கள். டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் கம்பி வேலி, வெளியே இடிபாட்டு மேட்டில் ஏறி நிற்கும் பிள்ளைகள், அவர்கள் தலைக்கு மேலே தரையிறங்கிக்கொண்டிருக்கும் ஒரு சி-54, அதாவது நாலு எஞ்சின் அமெரிக்கச் சரக்கு விமானம். அவ்வளவுதான். ஆறு வாரத்தில் பாதி முடிந்திருக்கிறது.

பனிப்போர் என்றதும் எல்லாருக்கும் அணுகுண்டும் ராக்கெட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் அமெரிக்கா, சோவியத் யூனியன் என்ற அந்த இரண்டு வல்லரசுகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட முதல் பெரிய சம்பவம் நிலக்கரியையும் மாவையும் பால் பவுடரையும் வைத்துத்தான் நடந்தது. அதனால்தான் இதை எடுத்தேன்.

முதல் வேலை வரைபடப் பலகை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் என்று நாலு பங்காகப் பிரித்தார்கள், பெர்லின் சோவியத் பங்குக்குள் 160 கிலோமீட்டர் உள்ளே இருந்தது, அந்த நகரத்தையும் தனியாக நாலாகப் பிரித்தார்கள். 1948 ஜூன் 20-இல் மேற்குப் பகுதிகளில் டாய்ச்சு மார்க் என்ற புதுப் பணம் வந்தது. சந்தைப் பொருளாதாரமா, அரசு திட்டமிடும் பொருளாதாரமா என்ற சண்டை இப்படி ஒரு நோட்டுத் தாளில் வந்து நின்றது. ஜூன் 24-இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குப் போகும் ரயில், சாலை, கால்வாய் மூன்றையும் அடைத்துவிட்டது, கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. உள்ளே 20 லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். திறந்திருந்தது வானம் மட்டும்தான். ஏனென்றால் 1945 நவம்பர் 30-இல் மூன்று வான்வழிகளுக்கு மட்டும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது, தரைவழிக்கு அப்படி எழுதி வாங்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு காகிதம் இருந்த வழி பிழைத்தது, இல்லாத வழி அடைபட்டது.

பலகையில் அந்த மூன்று வழிகளுக்கும் நூல் கட்டினேன். ஹாம்பர்க் பக்கமிருந்தும் ஃபிராங்க்ஃபர்ட் பக்கமிருந்தும் உள்ளே, நடுவில் ஹனோவர் பக்கமாக வெளியே. ஒவ்வொரு வழியும் 32 கிலோமீட்டர் அகலம். 1 செ.மீ.க்கு 5 கி.மீ. என்ற அளவில் ஃபிராங்க்ஃபர்ட் நூல் 86 செ.மீ. வந்தது. அப்புறம் மூன்று நிமிஷத்துக்கு ஒரு விமானம் என்ற கணக்கில், மணிக்கு 270 கி.மீ. வேகம் என்று நானே வைத்துக்கொண்டு குண்டூசி குத்திக்கொண்டே போனேன். 2.7 செ.மீ.க்கு ஒன்று, 30-க்கும் மேல் ஊசிகள். அந்த வரிசையைப் பார்த்த பிறகுதான் வான்பாலத்தை நடத்திய அமெரிக்க ஜெனரல் வில்லியம் டன்னர் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்று புரிந்தது. ஆகஸ்ட் 13 வெள்ளிக்கிழமை பெர்லின் மேல் மேகம் அடைத்து, விமானங்கள் வானத்தில் சுற்றிச் சுற்றி நின்று பெரிய குழப்பமானது. அதன் பிறகு, முதல் முயற்சியில் இறங்க முடியாத விமானம் சரக்கோடு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும் என்று விதி போட்டார். பின்னால் வரிசையாக ஊசிகள் வரும்போது ஒரு ஊசி நின்றால் என்ன ஆகும் என்று பலகையைப் பார்த்தாலே தெரிகிறது.

சரி, விமானம். 1:144 அளவில் சி-54 இறக்கை நுனிக்கு நுனி 25 செ.மீ. வருகிறது, நீளம் 20 செ.மீ. உடல் பகுதிக்கு 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) தாள் எடுத்தது தப்பு, சுருட்டும்போது மடிப்பு விழுந்தது. 160-க்கு இறங்கியதும் சரியாக வந்தது. நாலு எஞ்சின் மூடிகளுக்கு மட்டும் ஒரு வாரம் போனது. வெள்ளைப் பசையை நேராக வைத்தால் தாள் ஊறி உப்பிவிடுகிறது, பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு வைத்தால் நிற்கிறது. இறக்கை தொங்காமல் இருக்க உள்ளே ஐஸ் குச்சியைச் சீவி வைத்தேன்.

நான் எதிர்பார்க்காத அளவு யோசிக்க வைத்தது நிலக்கரி. மேற்கு பெர்லின் பிழைக்க ஒரு நாளைக்குக் குறைந்தது 4,500 டன் வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 20 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு 2 கிலோ 250 கிராம். சமையலறைத் தராசில் ஒரு பையில் அந்த எடையை நிறுத்துப் பார்த்தேன். வந்து சேர்ந்த சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி என்பதால், முக்கால் கிலோ சொச்சத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். அந்தச் சின்னக் குவியலுக்குள் ஒரு ஆளுடைய மாவு, உலர்ந்த உருளைக்கிழங்கு, உப்பு, மருந்து எல்லாம் அடங்க வேண்டும். மீதி நிலக்கரியும் வீட்டு அடுப்புக்கு மட்டுமல்ல, மின்நிலையத்துக்கும் தொழிற்சாலைக்கும் சேர்த்து. அந்தப் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சி-54 பத்து டன் தூக்கும். காட்சியில் ஒரு லாரி நிறைய மூட்டைகள் வைக்கிறேன், மொத்தம் 200, கறுப்புத் துணியில். 140 முடிந்திருக்கிறது.

இடிபாட்டு மேட்டுக்கு உடைந்த செங்கல்லைச் சுத்தியலால் நொறுக்கிச் சல்லடையில் சலித்தேன். ஒரு கிண்ணம் பொடிக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது, தோள் வலி தனி. பிரெஞ்சுப் பகுதியில் டெகல் விமான நிலையத்தை 1948 ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் விமானம் இறங்கும் அளவுக்குக் கட்டிவிட்டார்கள். ஓடுபாதைக்கு அடியில் போட்டது குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்தான். வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். கிழக்குப் பகுதியில் பதிவு செய்தால் ரேஷன் தருகிறோம் என்று சோவியத் தரப்பு அழைத்தும் மேற்கு பெர்லின்காரர்களில் பெரும்பாலோர் போகவில்லை. ஜெர்மனியால் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த சோவியத் நாட்டுக்கு, இன்னொரு பலமான ஜெர்மனி என்றால் பயம் இருந்திருக்கும், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு ஊரின் அடுப்பை அணைத்துப் பேரம் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வாரம் பாராசூட். கெயில் ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி 1948 ஜூலையில் டெம்பல்ஹோஃப் வேலியோரம் நின்ற பிள்ளைகளிடம் பேசிவிட்டு, கையிலிருந்த இரண்டே சூயிங்கம்மைக் கொடுத்தார். கிடைக்காதவர்கள் சண்டை போடாமல் அந்த உறைத்தாளைக் கிழித்துப் பங்கு போட்டு மோந்து பார்த்தார்களாம். மறுபடி வரும்போது இறக்கையை ஆட்டுகிறேன், அதுதான் அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போனவர், கைக்குட்டையில் சாக்லேட் கட்டிப் போட ஆரம்பித்தார். பிறகு மற்ற விமானிகளும் சேர்ந்து கடைசியில் 20 டன்னுக்கும் மேல் போட்டார்கள்.

மாடலில் வைக்கும் முன் நிஜ அளவில் செய்து பார்க்க ஆசை. 40 செ.மீ. பருத்திக் கைக்குட்டை, நாலு முனையில் நூல், கீழே 40 கிராம் கடலை மிட்டாய். எங்கள் வெயிலுக்குச் சாக்லேட் சரிப்படாது. சுமார் 9 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து நான் போட, அண்ணன் மகள் கீழே நின்று நேரம் பார்த்தாள். முதல் தடவை நூல் 15 செ.மீ.தான் வைத்திருந்தேன், துணி விரியவே இல்லை, கல் மாதிரி விழுந்து மிட்டாய் தூளானது. நூலை 45 செ.மீ. ஆக்கியதும் விரிந்தது. பத்துத் தடவை போட்டதில் மூன்றரை முதல் நாலரை வினாடி. ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே வருகிறது, லேசான காற்றிலேயே மூன்று தடவை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. மெதுவாகப் பறந்தாலும் ஓடும் விமானத்திலிருந்து இதைப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் விழவைக்கக் கைப்பழக்கம் எவ்வளவு வேண்டும்! மாடலில் மூன்று பாராசூட் வைக்கிறேன், டிஷ்யூ தாள், 3 மில்லிமீட்டர். மூன்றையும் வெவ்வேறு சாய்வில் ஒட்டப்போகிறேன், ஆடிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டேனே.

பலகையில் ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பென்சிலில் விட்டிருக்கிறேன். முற்றுகை தொடங்கியபோது அது நாட்டு எல்லை இல்லை. 1949 மே 12-இல் முற்றுகையை விலக்கினார்கள், அதற்குள் ஏப்ரலில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ வந்துவிட்டது, மே 23-இல் மேற்கு ஜெர்மனி தனி நாடு. செப்டம்பர் 30-இல் வான்பாலம் நின்ற ஒரே வாரத்தில், அக்டோபர் 7-இல், கிழக்கு ஜெர்மனியும் தனி நாடு. என் காட்சி 1948 கோடைக்காலம் என்பதால் பென்சிலே இருக்கட்டும் என்றுதான் இப்போதைக்கு நினைக்கிறேன்.

அடுத்து பிள்ளைகள். ஒவ்வொன்றும் 9 மில்லிமீட்டர் உயரம், மொத்தம் முப்பது உருவம், எல்லாரும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்தை வளைக்கும் வழி இன்னும் பிடிபடவில்லை. மெல்லிய செம்புக் கம்பியில் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.