பழைய சைக்கிள் பிரேமுக்குப் பவுடர் கோட்டிங்: நிறம் படக்கூடாத இடங்கள்

என்னிடம் இருந்தது பழைய இரும்பு பிரேம். குழாய்கள் நல்ல கனம், எங்கேயும் விரிசல் இல்லை. பெயின்ட்தான் செதில் செதிலாக உதிர்ந்து அடியில் துரு எட்டிப் பார்த்தது. ஸ்ப்ரே கேன் வாங்கி வீட்டிலேயே அடித்திருக்கலாம், ஆனால் செயின் ஒருமுறை உரசினாலே அது போய்விடும். அதனால் உலர்ந்த நிறப்பொடியை அடித்து அடுப்பில் வேகவைக்கும் பவுடர் கோட்டிங் என்று முடிவு செய்தேன். கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறைக்கு இதுவும் ஓர் இரும்புச் சாமான்தான். எது சுழலும், எது இறுகும், எங்கே மரை இருக்கிறது என்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும்.

கழற்றுவது என்றால் முழுசாகக் கழற்ற வேண்டும். ஹேண்டில் பேரிங் உட்காரும் ஹெட் கப் இரண்டு, ஃபோர்க்கின் அடியில் இறுகிக் கிடக்கும் ரேஸ் என்ற பேரிங் வளையம், பெடல் அச்சு ஓடும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்கள், கேபிள் கிளிப் என்று ஒன்றும் மிஞ்சக் கூடாது. உள்ளே கிரீஸ் இருந்தால் அடுப்புச் சூட்டில் உருகி வழிந்து பூச்சைக் கெடுத்துவிடும். பி.பி. கப்பில் பலர் மல்லுக்கட்டுவார்கள். பெரும்பாலான சைக்கிள்களில் செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திசையில் எவ்வளவு முக்கினாலும் இன்னும் இறுகத்தான் செய்யும்.

கழற்றிய கையோடு பிரேம் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டேன். பூச்சு பெயின்ட்டை விடத் தடிமன், பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் வரை வரும். மேலாக அடித்த எண் அதில் அமுங்கிப் போகலாம். ஸ்டிக்கர்கள் எப்படியும் போய்விடும். அவை இருந்த இடத்தை அளந்து வைத்தால் பிறகு புதிதாக ஒட்ட வசதி.

பழைய பெயின்ட்டை எடுக்க மணலடித்தார்கள். குழாய் மெல்லிசு, அதனால் நைசான துகளும் குறைந்த அழுத்தமும் போதும் என்று சொல்லிவிட வேண்டும். மணலடித்து வந்த இரும்பைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், மங்கிய வெள்ளி நிறம். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், விரல் பட்ட தடம் அப்படியே துருவாகப் பூக்கும். காற்றில் ஈரம் இருந்தால் சில மணி நேரத்திலேயே பழுப்பேறும். இதனால்தான் மணலடிப்பதும் கோட்டிங்கும் ஒரே இடத்தில் நடப்பது நல்லது. குழாய்க்குள் தங்கிய மணலைக் காற்றடித்து, குலுக்கி, மறுபடியும் காற்றடித்து வெளியேற்றச் சொன்னேன். அது பின்னால் பேரிங் குண்டுகளுக்குள் போனால் பேரிங் அவ்வளவுதான். நசுங்கல் இருந்தால் சாதாரண பட்டி வைக்கச் சொல்லாதீர்கள், அடுப்புச் சூட்டைத் தாங்காது.

அப்புறம் மூடும் வேலை. பி.பி. மரைக்கும், ஹெட் கப்கள் இறங்கும் ஹெட் டியூபின் இரு வாய்களுக்கும் சிலிக்கான் அடைப்பான், ஃபோர்க் மரைக்கும் ரேஸ் உட்காரும் வளையத்துக்கும் சூடு தாங்கும் டேப். இவற்றை ஒரு தாளில் படம் வரைந்து பிரேமோடு கொடுத்தேன். வாய்ச்சொல் பட்டறைச் சத்தத்தில் நிற்காது.

அடிக்கும் முறை எளிது. துப்பாக்கி பவுடருக்கு மின்னேற்றம் கொடுக்கிறது, எர்த் செய்த இரும்பு அதை இழுத்துக்கொள்கிறது. குழாய்கள் சேரும் உள்மூலைகளில் மட்டும் இந்த இழுப்பு சரியாக வேலை செய்யாது, பவுடர் உள்ளே போகத் தயங்கும். பி.பி.க்குப் பின்னால் இருக்கும் இடுக்கைக் காட்டி, அங்கே முதலில் அடிக்கச் சொல்லலாம். கொக்கி மாட்டும் இடத்திலும் பூச்சு பிடிக்காது என்பதால் பி.பி. குழாயின் உள்ளே மாட்டச் சொன்னேன். பிறகு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கிறார்கள். இரும்பு பிரேமின் பித்தளைப் பற்றவைப்பு உருக அதைப் போல நாலு மடங்குக்கும் மேல் சூடு வேண்டும், கவலையில்லை. அலுமினியம் என்றால் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பைப் பார்க்க வேண்டும், அதிகச் சூட்டில் அதன் வலு குறையலாம். கார்பன் பிரேமை அந்த அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பிரேம் வந்தது, பளபளப்பு பிரமாதம். ஆனால் ஒரு பக்கத்து அடைப்பான் நழுவி பி.பி. மரையில் பவுடர் வெந்து கெட்டியாகியிருந்தது. மரை வெட்டும் கருவி கையில் இல்லை. பழைய இரும்புக் கப் ஒன்றின் மரைக்குக் குறுக்கே ஆக்ஸா பிளேடால் நாலைந்து வெட்டு போட்டு, எண்ணெய் விட்டு, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று திருப்பினேன். பவுடர் சுருள் சுருளாக வெட்டில் சேர்ந்து வெளியே வந்தது. புதிய கப்பை நேராக ஏற்றியிருந்தால் மரை கோணிக்கொண்டிருக்கும்.

சக்கர நட் அமரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி இரும்பைக் காட்டிவிட்டு லேசாக கிரீஸ் தடவினேன். பூச்சின் மேலேயே நட்டை இறுக்கினால் அது நசுங்க நசுங்கப் பிடி தளரும். குழாயின் உட்பக்கத்துக்குத் துரு தடுக்கும் எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்தேன். இது கோட்டிங்குக்குப் பிறகுதான், முன்னால் செய்தால் அடுப்பில் புகைந்து வழியும். கல் பட்டு எங்காவது பெயர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் பவுடரை மறுபடி வேகவைக்க முடியாது. அதனால் அதே நிறத்தில் சின்ன எனாமல் டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.