பகல் காத்தை யாரு அளக்குறது

லேசர்ல சேட்டிலைட் கம்யூனிகேஷன்னாலே எல்லாரும் ஸ்பீடைத்தான் பேசுறாங்க. நாசாவோட டிபேர்ட்ங்கிற குட்டி சோதனை சேட்டிலைட் கருவி 2023ல 200 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 200 கிகாபிட்) காட்டுச்சு, சரி, செம. ஆனா அந்த ஒளி தரைக்கு வர்றப்ப கடைசி சில கிலோமீட்டர் காத்துல படுற பாட்டைப் பத்தி பேச்சே இல்ல. சூடும் குளிருமா கலந்து சுழல்ற காத்து ஒளியை அங்கங்க லேசா வளைச்சு விட்டுடும், நட்சத்திரம் மினுக்குறதும் இதனாலதான். கீழ டெலஸ்கோப்ல பிடிச்ச ஒளியை சுமார் 10 மைக்ரான் அகல ஃபைபர் கோருக்குள்ள, அதாவது கண்ணாடி இழையோட நடுப்பகுதிக்குள்ள, தள்ளணும், புள்ளி கொஞ்சம் ஆடினாலும் சிக்னல் காலி.

இதை அளக்க டிம்முனு ஒரு கருவி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா. சின்ன டெலஸ்கோப் வாயை ஒரு தட்டு போட்டு மூடி அதுல ரெண்டே ரெண்டு ஓட்டை, ஒண்ணுல மட்டும் ஒரு ப்ரிஸம், அதனால ஒரே நட்சத்திரம் கேமராவுல ரெண்டு புள்ளியா விழும். ஸ்டாண்ட் ஆடினா ரெண்டும் சேர்ந்து ஆடும், அது கணக்குலயே வராது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் மாறுச்சுன்னா அது காத்தோட வேலை. அதுலேர்ந்து ஃப்ரைட் அளவு, அதாவது ஆர்-நாட், கிடைச்சிடும். காத்து எவ்வளவு அமைதியா இருக்குன்னு சொல்ற நீளம் அது, பெருசா இருந்தா நல்லது.

500 நானோமீட்டர் அலைநீளத்துல ஆர்-நாட் 10 செ.மீ.னா, லேசருக்கு வழக்கமா எடுக்குற 1550 நானோமீட்டர்ல கிட்டத்தட்ட 39 செ.மீ., அதுவரைக்கும் நிம்மதி. சிக்கல் என்னன்னா இந்த டேட்டால பெரும்பாலானது வானியல்காரங்க ராத்திரில எடுத்தது. வெயில்ல தரை சூடாகி தரையை ஒட்டின காத்து கொதிக்குற நேரத்துலயும் லிங்க் ஓடணுமே? சோலார் டெலஸ்கோப்காரங்க பகல்ல அளந்திருக்காங்கதான், ஆனா அவங்க பார்க்குறது சூரியன் இருக்குற பக்கம் மட்டும். அதான் டர்ஹாம் பல்கலைக்கழகத்து ஆளுங்க அகச்சிவப்புல பகல்லயும் நட்சத்திரத்தைப் பிடிச்சு 24 மணி நேரமும் அளக்குற ஷிம்முனு ஒண்ணு பண்ணாங்க. என்னைக் கேட்டா 200 ஜிபிபிஎஸ்ஸை விட இதுதான் பெரிய விஷயம்.

மேல அனுப்புற ஒளி இன்னும் மோசம். ஜியோ சேட்டிலைட், அதாவது பூமி சுத்துற வேகத்துலயே கூட சுத்தி ஒரே இடத்துக்கு மேல நிக்கிற மாதிரி தெரியுறது, நொடிக்கு 3 கி.மீ. ஓடுது, ஒளி போய்வர கால் நொடி, அதனால அது தெரியுற இடத்துலேர்ந்து 700 மீட்டர் போல முன்னாடி தள்ளி குறி வைக்கணும். அப்போ கீழ வந்த ஒளி கடந்த காத்து வேற, மேல போற ஒளி கடக்குற காத்து வேற. கீழ வந்ததை வச்சு அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கண்ணாடியை, அதாவது காத்து பண்ற கோணலை ஈடுகட்ட உருவம் மாறுற கண்ணாடியை, வளைச்சா பாதிதான் சரியாகும். எந்த உயரத்துல கலக்கம் எவ்வளவுன்னு அடுக்கு அடுக்கா தெரிஞ்சாதான் அந்த மீதி எவ்வளவுன்னே கணக்குப் போட முடியும்.