சாமான் அறைக் குரல்கள்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னபோது, விளையாட்டுப் போட்டிகளையும் வாங்கிய அடிகளையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். எனக்கு நினைவில் நிற்பது ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையும் அங்கே கிடந்த பழைய டேப் ரெக்கார்டரும்தான்.

அந்த ஆண்டு, லயன்ஸ் கழகத்தின் இளைஞர் பிரிவான லியோ கழகத்துக்கு நான் செயலாளர். கழகம் என்றால் கூட்டம், நன்றியுரை, புகைப்படம், அவ்வளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்குப் போய், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்ட கதையை ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எங்களுக்கும் வேகம் வந்துவிட்டது. பார்வையற்ற மாணவர் விடுதிக்கு ஒருநாள் போய்ப் பரிசுப்பொருள் கொடுப்பது என்று தீர்மானம் எழுதினோம். பொறுப்பாசிரியர் அதை வாசித்துவிட்டு, "சரி, அவர்கள் இதைக் கேட்டார்களா?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேட்பதற்காக நான்கு பேர் போனோம். மேல்வகுப்பு அண்ணா ஒருவர் எங்களை உட்காரவைத்து ஒரு பிரெயில் புத்தகத்தை மடியில் வைத்தார். பாரம் தாங்கவில்லை. ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும் எழுத்துதான். ஆனால் எங்கள் பையில் சுருண்டு கிடக்கும் வரலாற்றுப் புத்தகம் அங்கே பல தடித்த தொகுதிகளாகிவிடும். எல்லாப் பாடத்துக்கும் அது கிடைப்பதும் இல்லை. "பரிசு வேண்டாம். பாடத்தை வாசித்துக் கேசட்டில் பதிந்து தருவீர்களா?" என்றார்.

முதல் கேசட்டை எங்கள் பேச்சுப் போட்டி வீரன் வாசித்தான். போர் வரும் இடத்தில் கர்ஜித்தான், மன்னன் சாகும் இடத்தில் விம்மினான். நாங்கள் கைதட்டியதும் அதில் பதிந்திருந்தது. ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. நாடாவின் முதல் சில வினாடி வெறும் பிளாஸ்டிக், அதில் ஒலி பதியாது. அதனால் பாடத்தின் பெயரே காணாமல் போயிருந்தது. பக்க எண் சொல்லவில்லை. "இந்தப் படத்தைப் பார்க்க" என்ற வரியை அப்படியே வாசித்திருந்தான். பார்ப்பது யார்? அண்ணா கோபப்படவில்லை. "நடிக்க வேண்டாம் தம்பி, வாசித்தால் போதும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அப்புறம்தான் வேலை தொடங்கியது. 60 நிமிடக் கேசட், அதன் ஒவ்வொரு புறத்துக்கும் 30 நிமிடம். ஒருவர் வாசிக்க, ஒருவர் புத்தகத்தில் கண்வைத்துப் பிழை பிடிப்பார். படம் வந்தால் முதலில் அதில் என்ன இருக்கிறது, பிறகு எது எங்கே என்று சொல்லப் பழகினோம். அட்டவணையை வாய்விட்டுச் சொல்வதைப் போன்ற தலைவலி வேறில்லை. மணி அடித்தால் நிறுத்து, காகம் கரைந்தால் மறுபடி வாசி. கதவைச் சாத்திக்கொண்டால் வியர்த்து ஊற்றும். முதல் நாள் 20 பேர் கை தூக்கினார்கள். மாதக் கடைசியில் மிஞ்சியது 6 பேர். அந்த 6 பேரில் ஒருவன்கூட மேடையேறிப் பேசுகிறவன் இல்லை.

ஒருமுறை, பதிந்து முடித்த கேசட்டின் மேலேயே இன்னொருவன் திரைப்பாட்டைப் பதிந்துவிட்டான். மூன்று மாலைகள் போயின. அன்றிலிருந்து பதிந்ததும் கேசட்டின் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுவது சட்டம். உடைத்தால் பதிவுப் பொத்தான் இறங்காது. இவை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி அடுத்த செயலாளரிடம் கொடுத்தேன். என் காலத்தில் நான் எழுதிய எந்த ஆண்டறிக்கையையும் அந்தக் கொப்பிக்கு ஈடாகச் சொல்லமாட்டேன்.

பள்ளியை விட்டு விலகும் வாரம், நான் வாசித்த கேசட் ஒன்று விடுதியிலிருந்து வந்தது. உடைத்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. கடைசிவரை ஓடவிட்டேன். என் குரல் முடிந்து சற்று மௌனம். பிறகு அண்ணாவின் குரல்: "பக்கம் 42, இரண்டாம் பத்தி. ஒரு வரியை விட்டுவிட்டாய், தம்பி. திரும்ப வாசித்து அனுப்பு."